ஐம்பத்தைந்து கிலோவுக்குக் கீழே

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

வண்டு எழுதுகிறேன். நான் சௌக்கியம். வலது கால் கட்டைவிரல் மட்டும் சௌக்கியமில்லை, அது என்றைக்கு ஒழுங்காக இருந்தது! நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவுக்கு மணிக்கட்டு வீக்கம் வடிந்ததா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. முகாமுக்குள் நுழைந்ததும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டி எல்லாருடைய போனையும் வாங்கிக்கொண்டார்கள். "வீட்ல சாவுன்னா மட்டும் ஆபீஸ் போனுக்குக் கூப்பிடச் சொல்லு. மத்ததுக்குப் பேப்பர் இருக்கு, பேனா இருக்கு" என்று மாஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆகஸ்டில் போட்டி முடிகிறவரை இதே கதைதான்.

என் அறையில் இரண்டு இரும்புக் கட்டில், ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி. கூட இருப்பவள் பளு தூக்குகிறவள். அவளுக்குக் கிரேன் என்று பெயர் வைத்துவிட்டேன். காலையில் கூட்டும்போது நான் படுத்திருக்கிற கட்டிலை அப்படியே ஒரு பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடியில் கூட்டுகிறாள், அக்கா!

நேற்று அவள் கேட்டாள்: "எல்லா நாடும் எல்லா விளையாட்டும் ஆடற இந்தப் பெரிய போட்டியில உங்க கராத்தேவை இந்த வருஷம்தான் முதல்முதலா சேர்த்திருக்காங்களாமே. இத்தனை நாள் எங்க போயிருந்தீங்க?" நாற்பது வருடமாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தோம், இப்போதுதான் ஒரு இடுக்கு திறந்திருக்கிறார்கள், அடுத்த முறை இருக்குமோ இருக்காதோ என்றேன். மற்ற போட்டிகளில் பெண்களுக்கு ஐந்து எடைப் பிரிவு, இங்கே மூன்றுதான் என்றேன். ஐம்பது கிலோவில் ஆடிய நானும் ஐம்பத்தைந்தில் ஆடிய நீயும் ஒரே பிரிவில் வந்து மாட்டிக்கொண்டதைச் சொன்னேன். "ஒரு நாட்டுக்கு ஒரு ஆள்தானே? அப்ப ரெண்டு பேர்ல யார் ஜெயிச்சது?" என்றாள். நடந்ததைச் சொன்னேன்.

ஆட்டமே நடக்கவில்லையே. டிசம்பரில் தேர்வு அன்று எடை பார்த்தபோது நீ ஐம்பத்தைந்துக்குக் கொஞ்சம் மேலே. சரியாகச் சொன்னால் இருநூறு கிராம் அதிகம். முக்கால் மணி நேரம் கொடுத்தார்கள். ஸ்கிப்பிங் கயிற்றை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாய். திரும்பி வந்து ஏறினால் அறுநூறு கிராம் அதிகம்! இதைக் கேட்டதும் கிரேன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "குறைக்கப் போனவ ஏறி வந்தாளா? வேணும்னே தண்ணி குடிச்சிருக்கா. உனக்காக விட்டுக் குடுத்திருக்கா, லூசு" என்றாள்.

ஊரும் அதைத்தான் சொல்கிறது. நான் மட்டும் உன்னிடம் நேரில் கேட்கவில்லை. கேட்க வாயெடுத்தாலே நீ துணி காயப்போடப் போய்விடுவாய். கடிதத்தில் அப்படி ஓட முடியாது. எனக்காகத்தான் குடித்தாயா? ஒரு வரி எழுது, போதும்.

உன் தங்கை,
வண்டு


பிப்ரவரி 15

அடியே வண்டு,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் மணிக்கட்டு வடிந்துவிட்டது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளை இஸ்திரி மிஷினிலிருந்து மடிக்கிற மேசைக்கு மாற்றியிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு நானூறு படுக்கை விரிப்பு மடிக்கிறாளாம். வீட்டுக்கு வந்து செய்தித்தாளைக்கூட மூலைக்கு மூலை வைத்து மடிக்கிறாள். கட்டைவிரலுக்கு டேப் சுற்றிக்கொள், சோம்பேறித்தனம் பண்ணாதே.

பார்சல் ஆபீஸில் வேலை நெரிகிறது. நேற்று ஒருவர் முழு நிலைக்கண்ணாடியைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து, "உடையாமப் போகுமா?" என்றார். "நீங்க இங்க கொண்டுவர்றதுக்குள்ளயே உடைஞ்சிருச்சு சார்" என்றேன். கவுன்டருக்கு வருகிறவர்கள் என்னை உற்றுப் பார்த்து, "நீங்கதானே அந்த அக்கா?" என்கிறார்கள். ஆமாம் என்கிறேன். வேறு என்ன சொல்ல?

நம் கராத்தே ஹாலில் என் போட்டோவை மாட்டியிருக்கிறார்கள். அடியில் 'விட்டுக்கொடுத்த வீராங்கனை' என்று சங்கச் செயலாளர் தன் பெயின்ட் கடை எனாமலாலேயே எழுதியிருக்கிறார். எழுத்து வழிந்திருக்கிறது. பரவாயில்லை, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

உன் கேள்விக்கு வருகிறேன். நடந்தது நடந்துவிட்டது. அதைப் போட்டு ஏன் கிளறுகிறாய்? போன இடத்தில் ஆடுகிற வழியைப் பார். எதிராளி முன்னங்காலை மாற்றும்போது அடி, மாற்றி முடித்த பிறகு அடிக்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம் என்று எழுதத்தான் ஆசை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் இருவரும் நலம் என்பதில் மகிழ்ச்சி. அம்மாவைச் செய்தித்தாளைப் படித்த பிறகு மடிக்கச் சொல்.

நீ பூசி மெழுகுகிறாய். ஒரு வரி கேட்டேன், நிலைக்கண்ணாடிக் கதை சொல்கிறாய்.

இந்த வாரம் ஆறு பயிற்சி ஆட்டம் வைத்தார்கள். ஐந்தில் தோற்றேன். எப்படித் தோற்றேன் என்று சொன்னால் உனக்கே கோபம் வரும். எதிராளியின் தலை திறந்து கிடக்கிறது, எனக்குத் தெரிகிறது, கால் எழவில்லை. எழுந்தால் மூன்று புள்ளி, அவ்வளவுதான் ஆட்டம். ஆனால் அந்த நேரம் பார்த்து, இது அக்கா நிற்க வேண்டிய இடமாயிற்றே என்று ஒரு நினைப்பு வருகிறது. அந்த நினைப்பு வந்து போவதற்குள் என் வயிற்றில் குத்து விழுந்துவிடுகிறது.

மாஸ்டர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "உடம்பு இங்க இருக்கு. மனசு வேற யாருக்கோ சீட்டு புடிச்சு வெச்சிருக்கு." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் குளியலறைக்குப் போய் அழுதேன்.

ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிடும்போதும் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. "மேசை ஆடுது, நிறுத்துடி" என்று கிரேன் கத்துகிறாள். எனக்காகத்தான் என்றால் அதையாவது சொல்லிவிடு. நன்றி சொல்லித் தீர்த்துவிட்டு ஆடுகிறேன்.

வண்டு


மார்ச் 12

அன்புள்ள வண்டுக்கு,

நலம். பதில் தாமதத்துக்குக் கோபிக்காதே. அடுக்கடுக்காக வேலை. சனிக்கிழமை கராத்தே சங்கத்தில் கூப்பிட்டு ஒரு கேடயம் கொடுத்தார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து பேட்டி எடுத்தார். "அந்த நிமிஷத்துல உங்க மனசுல என்ன ஓடுச்சு?" என்றார். நான் சும்மா சிரித்தேன். மறுநாள் அந்தச் சிரிப்பை அரைப் பக்கத்துக்குப் போட்டுவிட்டார்கள். மேனேஜர் அதைக் கத்தரித்துக் கவுன்டரில் ஒட்டினார். என்னையும் குஷன் நாற்காலி போட்ட மேசைக்கு மாற்றிவிட்டார். இத்தனை வருடம் ஜெயித்ததற்கு ஒரு ஸ்டூல்கூடத் தராத மனிதர்!

சரி, நீ இப்படி அழுதுகொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது. உனக்காகத்தான் என்றே வைத்துக்கொள். போதுமா? இப்போது நிம்மதியாக ஆடு.

உதைக்கும்போது இடது தோளை முன்னால் காட்டிக்கொடுக்கிறாய். உன்னை அறியாமல் செய்கிறாய். கண்ணாடி முன் நின்று பார். உடம்பைக் கவனித்துக்கொள்.

அக்கா


மார்ச் 24

என் அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும், நூறு வருடம் இருக்க வேண்டும். உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் அழுதேன். கிரேனும் அழுதாள். அவள் அழுதால் கட்டில் எப்படி ஆடும் என்று நீயே நினைத்துப் பார்.

நன்றி சொன்னால் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். தீரவில்லை. இன்னும் மோசமாகிவிட்டது. நேற்றும் தோற்றேன். முன்பெல்லாம் சந்தேகம்தான், இப்போது தெரிந்தே உன் இடத்தில் நிற்கிறேன். அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். கத்தாமல் படி.

பெயர்ப் பட்டியல் ஏப்ரல் 30-ஆம் தேதி மூடுகிறது. அதற்குள் யாருக்காவது அடிபட்டால் மாற்று ஆளை அனுப்பலாம். நம் பிரிவுக்கு மாற்று ஆள் நீதான், சங்கம் உன் பெயரைத்தான் கொடுத்திருக்கிறது. நான் கணுக்கால் திரும்பிவிட்டது என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் நொண்டினால் போதும். நீ வா. நான்கு வருடம் தொடர்ந்து ஜெயித்தவள் நீ. கராத்தே முதல்முறையாக உள்ளே போகும்போது நீ போவதுதான் முறை. நான் சின்னவள். எனக்கு இன்னொரு வாய்ப்பு வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும்.

ஐம்பத்தைந்துக்குக் கீழே வர உனக்கு ஐந்து வாரம் இருக்கிறது. சரி என்று மட்டும் எழுது. உன் கடிதம் வந்த அன்றே நொண்ட ஆரம்பித்துவிடுகிறேன்.

அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே.

என்றும் உன்,
வண்டு


ஏப்ரல் 8

அக்காவுக்கு,

எல்லாரும் நலம்தானே? இரண்டு வாரமாகப் பதில் இல்லை. தபால் பையை எடுத்துக்கொண்டு ஆபீஸ்காரர் வரும்போதெல்லாம் ஓடுகிறேன். "உனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று அவர் தூரத்திலேயே கையை விரித்துவிடுகிறார். என் கடிதம் கிடைத்ததா, இல்லையா? சரியா, இல்லையா? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உடனே எழுது.

வண்டு


ஏப்ரல் 12

ஆசை மகளுக்கு அம்மா எழுதுவது.

நான் நலம். நீ நல்லபடியாகச் சாப்பிட்டு, நல்லபடியாகத் தூங்குகிறாயா? கை வலிக்கு எண்ணெய் தேய்க்கிறேன், அதைப் பற்றிக் கவலைப்படாதே.

உன் அக்காவின் போக்கு ஒன்றும் எனக்குப் பிடிபடவில்லை. காலையில் எழுந்து மொட்டை மாடியில் கயிறு குதிக்கிறாள். கீழ் வீட்டுக்காரர் வந்து, "மேல என்ன ஆலை வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டு முட்டை, கொஞ்சம் சூப், அதோடு சரி. "ஏண்டி, போட்டியெல்லாம் முடிஞ்சு போச்சே, யாருக்காக இந்தப் பாடு?" என்றால், "சும்மாம்மா" என்கிறாள். கைப்பையில் ஒட்டிய கவர் ஒன்று கிடக்கிறது. அதை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைக்கிறாள். கேட்டால் எரிந்து விழுகிறாள்.

தங்கைக்காக இவ்வளவு பெரிய காரியம் செய்தவளுக்கு உள்ளுக்குள் வருத்தம் இல்லாமல் இருக்குமா? அந்த மாதிரி மனசு யாருக்கு வரும்? நீதான் ஆறுதலாக நாலு வார்த்தை எழுத வேண்டும். நீங்கள் இருவரும் என்னிடம் எதையோ மறைக்கிறீர்கள். உங்களைப் பெற்றவள் நான், எனக்குத் தெரியாதா?

அம்மா


ஏப்ரல் 18

அன்புள்ள வண்டுக்கு,

நான் நலமாக இல்லை. நலம் என்று எழுதி எழுதிக் கை கூசுகிறது.

உன் மார்ச் கடிதம் வந்த அன்றே 'சரி' என்று பதில் எழுதிவிட்டேன். கவரில் போட்டு ஒட்டி, ஆபீஸ் கவுன்டரிலேயே எடை பார்த்து, தபால் கட்டோடு வைத்தேன். மதியம் போய் எடுத்துவிட்டேன். மறுநாள் மறுபடி வைத்தேன், மறுபடி எடுத்தேன். மூன்று வாரமாக அந்தக் கவர் என் பையிலேயே ஆபீஸுக்கும் வீட்டுக்கும் போய் வருகிறது. இன்று காலை ஆபீஸில் யாரும் வருவதற்கு முன் பார்சல் தராசில் ஏறி நின்றேன். ஐம்பத்து நாலு, எண்ணூறு. இப்போது இறங்குகிறது பார், வெட்கம் கெட்ட எடை!

டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். இடையில் எதுவும் முடிவு கட்டாமல் கடைசிவரை படி.

தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு ஹாலில் நீயும் நானும் மட்டும் ஆடினோமே, நினைவிருக்கிறதா? நீ மூன்று முறை என் தலைக்கு உதைத்தாய். மூன்றும் சரியாக வந்து நின்றன. "சும்மா விட்டுக் குடுத்தேன்டி, ரொம்ப ஆடாத" என்று சிரித்தேன். நான் விட்டுக்கொடுக்கவில்லை. உன் கால் கிளம்பியதே என் கண்ணுக்குத் தெரியவில்லை. அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, நீ என்னை ஜெயித்துவிடுவாய் என்று. அதுவும் எட்டிப்பிடித்து இல்லை, சுலபமாக.

தேர்வு அன்று இருநூறு கிராம் என்றார்கள். இருநூறு எனக்கு ஒரு பொருட்டா? அரைக் கிலோவைக்கூட ஒரு மணி நேரத்தில் வியர்த்து இறக்கியிருக்கிறேன். கயிற்றோடு குளியலறைக்குப் போனேன். முகம் கழுவக் குழாயைத் திறந்தேன். முந்தின நாளிலிருந்து தண்ணீர் குடிக்காத தொண்டை. ஒரு வாய் குடித்தேன். அது தாகத்துக்கு. அப்புறம்தான் அந்த எண்ணம் வந்தது: எடையில் தள்ளுபடியாகிவிட்டால் உன் எதிரே நிற்க வேண்டாமே. நான்கு வருடம் ஜெயித்தவளை அவளுடைய தங்கையே மூன்று நிமிடத்தில் ஊர் முன்னால் உட்காரவைத்தாள் என்று யாரும் பேச முடியாதே. பாட்டிலை நிரப்பி நின்ற இடத்திலேயே முழுக்கக் குடித்தேன். வயிறு வலிக்க வலிக்கக் குடித்தேன்.

உன் நினைவு வந்தது உண்மைதான். ஆனால் பயமாக வந்தது. பாசமும் இல்லை, ஒன்றும் இல்லை. பயந்துவிட்டேன், வண்டு.

வெளியே வந்ததும் செயலாளர் கண் கலங்கி என் தலையில் கை வைத்து, "தங்கச்சிக்காகவாம்மா?" என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. அப்போது சொல்லாததை அப்புறம் சொல்ல முடியவில்லை. போட்டோ வந்தது, கேடயம் வந்தது, குஷன் நாற்காலி வந்தது. எல்லாம் பிடித்திருந்தது. கடைசியில் உனக்கே 'உனக்காகத்தான் என்று வைத்துக்கொள்' என்று எழுதினேன் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த இடம் நான் கொடுத்தது என்று நினைத்துத்தானே உன் கால் எழவில்லை? நான் கொடுக்கவில்லை. கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. நீ என்னை ஜெயித்து எடுத்துக்கொண்டிருப்பாய். அந்த ஜெயிப்பை உனக்குக் கிடைக்கவிடாமல் செய்தேன். நான் உனக்குச் செய்தது அது ஒன்றுதான்.

நீ கணுக்கால் வலி என்று சொன்னால் நான் வந்துவிடுவேன். பெட்டி கட்டிக்கொண்டு ஓடி வருவேன், அவ்வளவு ஆசை இருக்கிறது. அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன், சொல்லாதே. இந்தக் கடிதம் முப்பதாம் தேதிக்குள் உன் கைக்கு வர வேண்டும் என்று விரைவுத் தபாலில், நானே கொண்டுபோய் வண்டியில் ஏற்றுகிறேன். பழைய கவரைக் கிழித்துவிட்டேன்.

அக்கா


ஏப்ரல் 30

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

இன்று பட்டியல் மூடியது. என் பெயர்தான் போயிருக்கிறது. என் கணுக்காலுக்கு ஒன்றுமில்லை.

உனக்காக எத்தனை நாள் அழுதிருக்கிறேன்! ஊர் முன்னால் உன்னை ஜெயித்திருப்பேன். 'வண்டு, அவங்க அக்காவையே அடிச்சிட்டா' என்று ஊர் பேசியிருக்கும். அதைப் பிடுங்கிக்கொண்டு, அதற்கு மேல் என்னிடம் நன்றி வேறு வாங்கிக்கொண்டாய். எப்படி மனசு வந்தது உனக்கு? கூடப் பிறந்தவளிடமா இந்த நடிப்பு?

இந்த வாரம் ஆறு ஆட்டம் வைத்தார்கள். ஆறையும் ஜெயித்தேன். எதிரே நின்ற ஆறு பேரும் எனக்கு உன்னைப் போலவே தெரிந்தார்கள்.

பதில் எழுதாதே.


ஜூன் 6

அன்புள்ள வண்டுக்கு,

எழுதாதே என்றாய். ஒரு மாதத்துக்கு மேல் பொறுத்தேன். அம்மா நலம். நானும் நலம்தான். நீ நலமாக இருக்கிறாயா என்று கேட்கிற உரிமை எனக்கு இல்லாமல் போகவில்லை என்று நம்புகிறேன்.

போன வாரம் ஹாலுக்குப் போய், செயலாளரையும் மற்றவர்களையும் உட்காரவைத்து உண்மையைச் சொன்னேன். பயந்துதான் குடித்தேன், போட்டோவை எடுத்துவிடுங்கள் என்றேன். செயலாளர் எழுந்து நின்று கை தட்டிவிட்டார். "பார்த்தீங்களா, எவ்வளவு தன்னடக்கம்! தங்கச்சி மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு பழியைத் தன் மேலயே போட்டுக்கிறா!" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். வழிந்த எழுத்தை அழித்துவிட்டுப் புது பெயின்டால் எழுதப் போகிறாராம்.

மேனேஜரிடம் சொன்னேன். "லீவு வேணும்னா நேரா கேளும்மா" என்றார். நாற்காலியை மட்டும் மாற்றச் சொல்லி, மறுபடி கவுன்டரில் நிற்கிறேன்.

அம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னேன். என் தலையைத் தடவி, "சாப்பிடாம கிடந்து என்னென்னவோ பேசற, வா, வந்து சாப்பிடு" என்றாள். கிறுக்குப் பிடித்துவிடும் போலிருக்கிறது. பொய்யை நான் சொல்லாமலே நம்பினார்கள். உண்மையைத் தொண்டை கிழியச் சொல்லியும் ஒருவர் நம்பவில்லை.

இடது தோள் சரியாகிவிட்டதா? பதில் வேண்டாம். ஆடு.

அக்கா


ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். மூக்கு கொஞ்சம் வீங்கியிருக்கிறது. அம்மாவிடம் வீக்கத்தைச் சொல்லாதே. நீ எப்படி இருக்கிறாய்? நிஜமாகக் கேட்கிறேன், நிஜமாகப் பதில் எழுது.

நேற்று ஆடி முடித்தேன். போன் இன்னும் டப்பாவில்தான் இருக்கிறது. கிடைத்தாலும் இதைப் பேசியிருக்க மாட்டேன், எழுதத்தான் தோன்றுகிறது. எங்கள் குழுவில் ஐந்து பேர். இரண்டு ஆட்டம் ஜெயித்தேன், இரண்டு தோற்றேன். முதல் இரண்டு இடத்துக்குத்தான் மேலே போக வழி, நான் மூன்றாவது. பதக்கம் இல்லை.

பெரிய அரங்கம், அக்கா. பாதிக்கு மேல் காலி. வந்தவர்களுக்கும் ஒன்றும் புரியவில்லை. எதற்குப் புள்ளி, எதற்கு இல்லை என்று ஒலிபெருக்கியில் ஒருவர் நடுநடுவே வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் கதவைத் தட்டி உள்ளே வந்தால், உள்ளே இருப்பவர்கள் "நீங்க யாரு?" என்று கேட்கிற மாதிரி இருந்தது. ஆனால் முதல் ஆட்டத்தில் என் உதை தலையில் விழுந்ததும் காலி நாற்காலிகூட எழுந்து நின்றது போல ஒரு சத்தம். மூன்று புள்ளி! இந்தப் பெரிய போட்டியில் விழுந்த முதல் தலை உதை அதுதான் என்று மாஸ்டர் சொல்லிக்கொண்டு திரிகிறார். அதை யாரும் குறித்து வைத்ததாகத் தெரியவில்லை.

இப்போது, நான் கடிதம் எழுதக் காரணமான விஷயம். எடை பார்க்கிற காலை, எனக்கு எடையில் ஒரு கவலையும் இல்லை, ஐம்பத்திரண்டுதான். ஆனால் சட்டைப் பொத்தானை இரண்டு முறை மாற்றி மாட்டினேன். தோற்றால் வீட்டுக்கு எப்படிப் போவது, அவ்வளவுதான் மண்டைக்குள் ஓடியது. தங்கும் விடுதியின் படிக்கட்டில் யாரும் இல்லை. கடைசிப் படி விளிம்பில் காலைச் சாய்த்து வைத்தேன். உனக்காக ஒரு பொய்க் கணுக்கால் வலி யோசித்தேனே, அதை நிஜமாகவே செய்துவிடலாம் என்று தோன்றியது. ஒரே ஒரு அழுத்து. கணுக்கால் போய்விடும், ஊர் 'பாவம்' என்று சொல்லும், நான் தோற்க வேண்டியதே இல்லை. இரண்டு நிமிடமாவது அப்படியே நின்றிருப்பேன். உன்னைத் திட்டிய எல்லாத் திட்டும் என் காதிலேயே கேட்டது. கிரேன் மேலிருந்து, "அடியே, பஸ் கிளம்புது!" என்று கத்தினாள். காலை எடுத்தேன். அவள் கத்தாவிட்டால் எடுத்திருப்பேனா என்று எனக்குத் தெரியாது. இதை யாரிடமும் சொல்லவில்லை.

உன் மேல் எனக்குக் கோபம் போகவில்லை. பாதி போயிருக்கிறது. மீதி எப்படிப் போகும் என்றும் எனக்குத் தெரியும்.

அக்கா, செயலாளர் நம்ப வேண்டாம், மேனேஜர் நம்ப வேண்டாம், அம்மாகூட நம்ப வேண்டாம். நான் நம்புகிறேன். நீ எனக்காக எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. பயந்துபோய்த் தண்ணீர் குடித்தாய், அவ்வளவுதான். அது எனக்குத் தெரியும், படிக்கட்டில் நின்றவளுக்குத் தெரியாமல் போகுமா?

சனிக்கிழமை வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஹாலுக்கு வா. செயலாளரை நடுவராக நிற்கச் சொல், ஊரையும் கூப்பிடச் சொல். எடை பார்க்க வேண்டாம். எவ்வளவு கனமாக வேண்டுமானாலும் வா. ஜெயிப்பதும் தோற்பதும் அப்புறம். மூன்று நிமிடம் என் எதிரே நில்.

உன் தங்கை,
வண்டு